சும்மா போய்வருவது

தம்பி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. சித்திரை பிறப்பதற்குள் பதில் வேண்டும், 'வருகிறேன்' என்று ஒரு சொல் எழுதினால் போதும், மற்றதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு சொல்லை எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் இங்கே மழை எப்படி, பள்ளிக்கூடத்துப் புதுத் தலைமையாசிரியர் எப்படி என்று எழுதிப் பக்கம் நிறைந்ததும் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது. இதைக் கிழிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஆகவே ஓரிடத்தில் சொன்னதற்கு இன்னோரிடத்தில் மாறாக ஏதாவது எழுதியிருந்தால் நீதான் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கே தெளியாததை உனக்குத் தெளிவாக எழுத எனக்குத் தெரியவில்லை.

நீ கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை. வைகாசியில் திருச்சியில் உனக்குக் கல்யாணம். நீ வாடகைக்குப் பிடித்திருக்கும் வீட்டில் பின்னறையில் ஒரு ஜன்னல் இருக்கிறது, அதை எனக்கென்று வைத்திருக்கிறாய். நான் இருபது வருடத்துக்கு மேல் ஆசிரியையாக இருந்துவிட்டேன், முன்கூட்டியே ஓய்வு பெறலாம். அதற்காகத் தலைமையாசிரியர் கொடுத்த படிவம் மேசையில் அகராதிக்குக் கீழே கிடக்கிறது. உன் அப்பா இறந்து ஐந்து வருடமாகிறது. போன ஆடிக் கலவரத்தில் கொழும்பில் உன் அறையை எரித்தார்கள். நீ உடுத்திருந்த சட்டையோடு இங்கே வந்து, இரண்டு மாதம் குவாட்டர்ஸை விட்டு வெளியே இறங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஐப்பசியில் திருச்சிக்குக் கிளம்பிப் போனாய். இவ்வளவுக்கும் பிறகு ஒரு மகன் தாயை அழைத்தால் அவள் பெட்டி கட்டுவதுதான் முறை. நானும் இரண்டு முறை பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன். ஆனால் உன் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "அங்கே உங்களுக்கு என்னதான் இருக்கிறது அம்மா? எனக்கு அங்கே ஒன்றுமே இல்லை." அந்த வரியில்தான் நான் சிக்கிக்கொண்டிருக்கிறேன். முதல் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாம் பாதிக்குக் காரணம் நான்தான் என்று தோன்றுகிறது.

அப்போது உனக்குப் பத்து வயது. சித்திரை விடுமுறை. நுவரெலியாவில் மலர்க்கண்காட்சி பார்க்கத் தோட்டத்து ஆட்களுக்குத் துரை ஒருநாள் லொறி கொடுத்திருந்தார். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியைக் கழுவி, சாக்கு விரித்து, லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனம் முழுவதும் விடியற்காலையிலேயே ஏறி நின்றது. நீ முதல்நாளே தலைக்கு எண்ணெய் வைத்து, சப்பாத்தைத் துடைத்து வைத்திருந்தாய். நான் போகக்கூடாது என்றேன். பரீட்சை இருக்கிறது என்று சொன்னேன். அது பொய். பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. உண்மைக் காரணத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. நுவரெலியாவில் சீசனுக்குக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்கள். என்னோடு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் யாராவது வருவார்கள். கொழுந்து லொறியிலிருந்து என் மகன் குதித்து இறங்குவதை அவர்கள் பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று பயந்தேன். நான் லயத்தில் பிறந்தவள் என்பது உனக்குத் தெரியும். அங்கிருந்து பேராதனைவரை ஏறிய ஒவ்வொரு படியும் வழுக்குப்படி என்றே எப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ லொறியில் ஏறினால் நானும் சேர்ந்து கீழே வழுக்கிவிடுவேன் போல இருந்தது. நீ அழவில்லை. பாதை திரும்பும் இடம்வரை லொறிக்குப் பின்னால் நடந்துபோய், அது மறைந்ததும் திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கணக்குக் கொப்பியை எடுத்தாய். நல்ல பிள்ளை என்று நான் பெருமைப்பட்டேன்.

அதே வருடம்தான் இன்னொன்றும் நடந்தது. சமூகக்கல்விப் பாடத்தில் 'எமது பிரதேசத்தின் பருவங்கள்' என்று ஒரு கேள்வி கொடுத்தேன். தென்மேல் பருவக்காற்று, வடகீழ்ப் பருவக்காற்று, இடையில் இரண்டு இடைப்பருவங்கள் என்று எழுத வேண்டும். நான் புவியியல் படித்தவள். அதுதான் சரியான விடை, இன்றும் அதுதான் சரி. நீ எழுதியிருந்தாய்: "எங்கள் ஊரில் கொழுந்து கூடையில் கொள்ளாத காலம், பனி எரிக்கிற காலம், லயம் ஒழுகுகிற காலம், கவ்வாத்து வெட்டி விறகு கிடைக்கிற காலம் என நான்கு பருவங்கள் உண்டு." சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டேன். ஆசிரியையின் மகனே இப்படி எழுதினால் மற்றவர்கள் என்ன எழுதுவார்கள் என்று வகுப்பு முன்னால் கேட்டேன். சரியான விடையைப் பத்து முறை எழுதச் சொன்னேன். நீ எழுதினாய். அதற்குப் பிறகு உன் எந்தக் கட்டுரையிலும் நம் ஊர் வரவில்லை. இங்கே உனக்கு ஒன்றுமே இல்லை என்று இப்போது எழுதுகிறாய். இருந்ததைக் கோடு போட்டு அடித்தது யார் என்று எனக்குத் தெரியும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நீ போன அடுத்த மாதம், கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உனக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, ஹட்டன் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தேன். பகல் இரண்டு மணிக்கே பனிமூட்டம் இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை. அப்படிப்பட்ட நாளில் இங்கே யாரும் பலகையைப் பார்த்து பஸ் ஏறுவதில்லை என்று உனக்குத் தெரியும்தானே. உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் ஏறுவோம். நம் பள்ளிக்கூடத்துக்குக் கீழ் லயத்தில் இருக்கும் பிலோமினாவின் முகம், கிட்டப் போனதும், ஒரு பஸ்ஸின் ஜன்னலில் தெரிந்தது. அவள் கொழுந்து பறிப்பவள், என்னைவிட மூன்று நான்கு வயது இளையவள். நீ சின்ன வயதில் அவள் வீட்டில்தான் ரொட்டி தின்பாய். அவளும் நம் கொட்டகலைக்குத்தான் திரும்புவாள் என்று ஏறி உட்கார்ந்தேன். பஸ் போய்க்கொண்டே இருந்தது. டிக்கோயாவில் கொஞ்சம் மூட்டம் விலகியபோதுதான் பாதை வேறு என்று தெரிந்தது.

"என்னாங்க டீச்சர், நீங்களும் நோர்வூட்டுக்கா? அங்க யாருக்கு என்னா?" என்று பிலோமினா பின்சீட்டிலிருந்து கேட்டாள்.

"நோர்வூட்டா? இது கொட்டகலை பஸ் இல்லையா?"

"அடியாத்தே! என் மூஞ்சியப் பாத்து ஏறிட்டீங்களா? படிச்சவங்க பலகையப் பாத்துத்தான் ஏறுவாங்கன்னுல்ல நாங்க நெனச்சிக்கிட்டிருந்தோம்!"

பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கியது. இறங்கிவிடுகிறேன் என்று எழுந்தேன். இந்த மூட்டத்தில் நடுவழியில் இறங்கினால் திரும்ப பஸ் கிடைக்காது, நோர்வூட்டுக்கே வந்து அங்கிருந்து திரும்பலாம் என்று கையைப் பிடித்து உட்காரவைத்தாள். யார் வீட்டுக்குப் போகிறாய் என்று அவளைக் கேட்டேன்.

"யாரு வீட்டுக்கும் இல்லங்க. யாருக்கும் ஒண்ணும் இல்ல. சும்மா."

இதை நீ சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் 'சும்மா' என்று யாரும் பஸ் ஏறுவதில்லை. யாராவது செத்திருக்க வேண்டும், பிள்ளை பெற்றிருக்க வேண்டும், பெரியவளாகியிருக்க வேண்டும், அல்லது கோயில் திருவிழா இருக்க வேண்டும். பஸ்ஸில் தெரிந்தவரைக் கண்டால் 'யாருக்கு என்ன' என்றுதான் முதலில் கேட்பார்கள். நானும் அப்படியே வாழ்ந்திருக்கிறேன். நாற்பத்தேழு வயதுவரை நான் போன பயணங்களை நினைத்துப் பார்த்தால் எழவும் சடங்கும் பரீட்சை திருத்தலுமாகத்தான் இருக்கின்றன. பிலோமினாவின் புருஷனும் இரண்டு பெண்பிள்ளைகளும் நான்கு வருடத்துக்கு முன் இந்தியப் பாஸ்போர்ட்டில் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள். இவளுடைய விண்ணப்பம் தனியாகப் போய் எங்கோ தங்கிவிட்டது. முதல் வருடம் கடிதம் வந்ததாம், பிறகு இல்லை. "பத்தடி அறதாங்க அந்தக் காம்பரா. வார நாள்ல பிரச்சன இல்ல, வேல இருக்கு. ஞாயித்துக்கெழம ஆனா மைதானம் மாதிரி ஆயிடுது. அதான் பஸ் ஏறிடுறேன். எந்த பஸ் வருதோ அது" என்றாள். நோர்வூட்டில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இரண்டு பேரும் பிளேன்டீ குடித்தோம். ஆற்றைப் பார்த்தோம். அடுத்த பஸ்ஸில் திரும்பினோம். அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்கு வந்தபோது ஏனோ பசித்தது. நீ போன பிறகு முதல் முறையாகப் பசித்தது.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. மடத்தனமாகப் பட்டது. அதற்கடுத்த ஞாயிறு பிலோமினாவும் அவள் லயத்துப் பெண்கள் மூன்று பேரும் வாசலில் வந்து நின்று, "இன்னைக்கு எந்த மூஞ்சியப் பாத்து ஏறப் போறீங்க டீச்சர்?" என்று கேட்டார்கள். போனேன். அன்றிலிருந்து இன்றுவரை, பள்ளிக்கூட விடைத்தாள் குவிந்திருந்தாலொழிய, போகிறேன். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நுவரெலியா, வட்டக்கொடை. எல்லாம் என் வரைபடத்தில் இருந்த பெயர்கள். வகுப்பில் கோலால் தொட்டுக் காட்டிய இடங்கள். ஒன்றிலும் நான் சும்மா நின்றதில்லை.

சந்தோஷமாக இருந்தது என்று எழுத வேண்டிய இடம் இது. எழுதக் கை தயங்குகிறது. ஏனென்றால் பயமும் கூடவே இருந்தது. மார்கழியில் நுவரெலியா பஸ்ஸில் போகும்போது பெண்கள் நால்வரும் உரத்த குரலில் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஆடிக்குப் பிறகு நம் ஆட்கள் பஸ்ஸில் வாய் திறப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். நீயே அப்படித்தான் வந்து சேர்ந்தாய், கொழும்பிலிருந்து ஹட்டன்வரை ஒரு வார்த்தை பேசவில்லை என்று சொன்னாய். நான் பிலோமினாவின் தோளைத் தொட்டு, மெதுவாகப் பேசச் சொன்னேன். அவள் குரலைக் குறைக்கவே இல்லை. "நாங்க வாய மூடிக்கிட்டா மட்டும் எங்கள யாருன்னு தெரியாமப் போயிடுமா டீச்சர்? மூக்குத்தியக் கழட்டி வச்சேன், பொட்ட அழிச்சேன்னு அஞ்சலையும்தான் ரெண்டு மாசம் பாத்தா. நடக்கிற நடையிலயே கண்டுபுடிச்சிருவாங்க!" என்றாள். அந்த மூன்று பேரில் ஒருத்தியான அஞ்சலை பக்கத்தில் நின்றபடி, "ஆமாங்க, நான் நடக்கிறது கொழுந்துக் கூடையோட நடக்கிற மாதிரியே இருக்காம்" என்று சிரித்தாள்.

எதிர்ச்சீட்டில் ஒரு சிங்களப் பெண் மடியில் லீக்ஸ் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். "கொஹெத யன்னே?" என்று கேட்டாள். எங்கே போகிறீர்கள் என்றுதான் கேட்டாள். நான் பதில் தயாரித்துக்கொண்டிருக்கும்போதே பிலோமினா, "நிக்கங்" என்றாள். சும்மா என்று அர்த்தம். அந்தப் பெண் புருவத்தைத் தூக்கி, "நிக்கங்?" என்று திருப்பிக் கேட்டு, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். அவளும் அன்றைக்குத் தங்கை வீட்டுக்கு, தங்கைக்குப் பிள்ளைப்பேறு என்று போய்க்கொண்டிருந்தாளாம். காரணமே இல்லாமல் போவதை அவளும் கேள்விப்பட்டதில்லை. லீக்ஸ் கட்டை அணைத்து ஒதுங்கி அஞ்சலைக்கு உட்கார இடம் விட்டாள். இதிலிருந்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை, தம்பி. ஒரு பெண் பஸ்ஸில் இடம் விட்டதால் நாடு திருந்திவிட்டது என்று எழுதுபவள் அல்ல நான். உன் அறையை எரித்தவர்களுக்கும் தங்கைகள் இருப்பார்கள். ஆனால் அவள் சிரித்தபோது நானும் சிரித்தேன். அதையும் எழுதாமல் விட முடியவில்லை.

தை மாதம் பூண்டுலோயா போனோம். உனக்கு நினைவிருக்கும், அரிசியும் மாவும் கிடைக்காத பஞ்சத்தில் நீயும் அப்பாவும் மரவள்ளிக் கிழங்கு தேடி அங்கே போனீர்கள். தலவாக்கலைவரை ரயிலில் போய், அங்கிருந்து நடந்தீர்கள். தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்த மனிதர் அரைச் சாக்குக் கிழங்கைத் தோளில் சுமந்து வந்து திண்டாடி நிற்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருவரும் நனைந்துபோய், ஏதோ ஒன்றைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். கிழங்கில் பாதி அழுகல். எனக்கு வந்த கோபத்தை நீ மறந்திருக்கமாட்டாய். "சனம் இலையைப் பிடுங்கித் தின்கிறது, உங்களுக்குச் சிரிப்பு என்ன வேண்டியிருக்கிறது" என்று கத்தினேன். அப்பா கிழங்கைக் கழுவப் போய்விட்டார். நீங்கள் எதற்குச் சிரித்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. அப்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

பூண்டுலோயாவுக்கு பஸ் வளைந்து வளைந்து இறங்கும்போது ஒரு திருப்பத்தில் அருவி தெரிந்தது. அடுத்த திருப்பத்தில் அதே அருவி மற்றப் பக்கத்தில் தெரிந்தது. மறுபடியும் காணாமல் போய், எதிர்பாராத இடத்தில் எட்டிப் பார்த்தது. அஞ்சலை ஒவ்வொரு முறையும் "இந்தா, திருட்டுக் கழுத மறுபடி வந்துட்டா!" என்று கத்தினாள். நீங்கள் இருவரும் இதைப் பார்த்துத்தான் சிரித்திருப்பீர்களோ என்று அன்றைக்குத் தோன்றியது. இல்லாமலும் இருக்கலாம். அப்பாவைக் கேட்க முடியாது. நீ எழுது. கட்டாயம் எழுது. பசியோடு நடந்துபோன மனிதருக்கு எப்படிச் சிரிப்பு வந்தது என்பது இப்போது எனக்கு முக்கியமான கேள்வியாகிவிட்டது. அவரை அன்றைக்குப் பொறுப்பில்லாதவர் என்று நினைத்தேன். இப்போது நானே அப்படி ஆகியிருக்கிறேன். மகனின் உடைமையெல்லாம் சாம்பலாகி ஒன்பது மாதம் ஆகவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் தாய்க்காரி பஸ்ஸில் அருவி பார்க்கப் போகிறாள். இது சந்தோஷமா, புத்தி கொஞ்சம் தடம் மாறியிருக்கிறதா என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

பருவங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தை கடைசியில் உறைபனி விழுந்தது. நுவரெலியாப் பக்கம் ஒரு மலை முழுவதும் ஒரே இரவில் தேயிலை கருகி, யாரோ நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. பனி எரிக்கிற காலம் என்று நீ எழுதியது இதைத்தான். நான் 'எரிக்கிற' என்ற சொல்லுக்கு அடியில் தனியாக ஒரு கோடு போட்டு, பனி எரிக்காது என்று ஓரத்தில் எழுதியிருந்தேன். மாசியில் நோர்வூட் போகும் வழியில் நீர்த்தேக்கம் வற்றி, கரையைச் சுற்றிச் சிவப்பு மண் பட்டையாகத் தெரிந்தது. முள்முருங்கைகள் இலையே இல்லாமல் பூத்து நின்றன. நம் தோட்டத்தில் மேல்மலையைக் கவ்வாத்து வெட்டினார்கள். செடியெல்லாம் குச்சியாக நிற்க, பெண்கள் வேலை முடிந்து ஆளுக்கொரு கட்டு மிளாறு தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பிலோமினா எனக்கும் ஒரு கட்டுக் கொண்டுவந்து போட்டாள். அந்த விறகில் தேத்தண்ணி சீக்கிரம் கொதிக்கிறது. இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை, நானும் எந்தப் பிள்ளைக்கும் சொல்லவில்லை. இப்போது பங்குனி முதல் மழை பெய்திருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மலையின் நிறம் நேற்று இருந்ததுபோல் இன்று இல்லை. கொழுந்து வரப்போகிறது. இன்னும் இரண்டு வாரத்தில் கூடையில் கொள்ளாது. உன் விடைக்கு இன்று புள்ளி போட்டால் முழுப் புள்ளி போடுவேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அப்படியும் எழுத முடியவில்லை. கூடை நிறைகிற காலம் பறிக்கிறவளுக்கு முதுகு ஒடிகிற காலம். பார்க்கிறவளுக்கு அழகாகத் தெரிவது நான் பறிக்காததனால்தானே என்று ஒரு சந்தேகம் வருகிறது.

இந்தச் சந்தேகத்தை இரண்டு வாரத்துக்கு முன் பிலோமினாவிடமே சொன்னேன். உன் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். போவதா இருப்பதா என்று முடிவெடுக்க முடியவில்லை, எந்தப் பக்கம் யோசித்தாலும் மறுபக்கம் சரியென்று படுகிறது என்றேன். மஸ்கெலியாவிலிருந்து திரும்பும் பஸ். அவள் வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இருந்துவிடுங்கள் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலும். அவள் சொன்னது வேறு.

"உங்களுக்குப் போறதுக்கு வழி இருக்குங்க. அதான் கொழம்புறீங்க. எனக்கு வழியே இல்ல, நான் நிம்மதியா பஸ்ல போறேன். நாளைக்கே எனக்குப் பாஸ்போட்டு வந்திச்சின்னு வைங்க, இந்தா, இந்த மலையத் திரும்பிப் பாப்பனா? பாக்க மாட்டேன். புள்ளைங்கள்ட்ட ஓடிருவேன்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். வெற்றிலையில் பாதியைக் கிள்ளி எனக்கும் நீட்டினாள். அன்று முழுவதும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அவள் விட்டுவிட்டுப் போகத் துடிக்கும் இடத்தில் நான் இருந்துகொண்டு சந்தோஷப்படுவதா? அல்லது, அவள் போக முடியாத இடத்துக்கு எனக்கு அழைப்பு வந்திருக்கிறது, அதை நான் மறுப்பதா? இரண்டுமே அவளுக்குச் செய்யும் அவமரியாதைபோல் இருக்கிறது. அவளோ அடுத்த ஞாயிறு வழக்கம்போல் வாசலில் வந்து நின்றாள். நடந்ததை மறந்துவிட்டாளா, அல்லது சொன்னதற்கும் கூப்பிடுவதற்கும் நடுவில் அவளுக்கு ஒரு முரணும் தெரியவில்லையா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு அறிவுரை எழுத வேண்டிய நேரம் இது. கல்யாணமாகப் போகிறவனுக்குத் தாய் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. திருச்சியில் உன் வீட்டுக்குப் பக்கத்தில் என்ன பஸ் ஓடுகிறது என்று பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணோடு அதில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பி வா. யாருக்கும் ஒன்றும் ஆகாத நாளாகப் பார்த்துப் போ. அங்கே எந்த மாதத்தில் என்ன மரம் பூக்கிறது, காற்று எப்போது திசை மாறுகிறது என்று தெரிந்துகொள். நாளைக்கு உன் பிள்ளை ஏதாவது எழுதிக்கொண்டு வந்தால், அது தவறாகவே இருந்தாலும், சிவப்புப் பேனாவை எடுக்குமுன் ஜன்னலைத் திறந்து ஒருமுறை வெளியே பார். இதைச் செய்தால் சந்தோஷமாக இருப்பாய் என்று நான் உறுதி சொல்லவில்லை. நான் செய்யவில்லை, அதனால் என்ன ஆயிற்று என்பது மட்டும் தெரியும்.

இங்கேவரை நேற்று எழுதினேன். முடிவை எழுத முடியாமல் பேனாவை மூடிவைத்தேன். இன்று காலை பிலோமினா வந்தாள். ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழா நேரத்தில் வேன் கிடைக்காதாம். அந்த மாதம் கண்டிக்கு ஒரு நாள் போய்வர இப்போதே வேன்காரரிடம் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டுமாம். மாதா கோயிலுக்குப் போகிறவள் அம்மன் திருவிழாவைக் கணக்குப் பார்த்து வேன் பிடிப்பதைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய கொப்பித்தாள் ஒன்றை என்னிடம் நீட்டி, பெயர்களை எழுதித் தரச் சொன்னாள். அஞ்சலை, ராமாயி, மேரி என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஏழு பெயர் முடிந்ததும் நிறுத்தினாள்.

"எட்டாவது உங்க பேரு. போடுறதா வேணாமா? ஆடியில நீங்க இருப்பீங்களா டீச்சர்?"

"இருப்பேன்" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. வாயிலிருந்து வந்துவிட்டது. மூன்று வாரமாக உனக்கு எழுத முடியாத பதிலை அவள் கேட்டு முடிக்குமுன் சொல்லிவிட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மகன் கலியாணத்துக்குப் போவீங்கல்ல?"

"போவேன். போய்விட்டு வந்துவிடுவேன்."

"எங்க வீட்டுக்காரரும் அப்பிடித்தான் சொல்லிட்டுப் போனாரு" என்றாள். பிறகு, "சரி, பேரப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வேன்காரரைப் பார்க்க இறங்கிப் போனாள்.

ஆகவே, தம்பி, வைகாசியில் வருகிறேன். பன்னிரண்டு நாள் லீவு எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஓய்வு பெறும் படிவத்தை இன்று தலைமையாசிரியரிடம் நிரப்பாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பின்னறையில் யாரையாவது வைத்துக்கொள், அல்லது புத்தகங்களை வை. உனக்குக் கோபம் வரும். 'பஸ்ஸில் சுற்றுவதற்காகவா என்னை விட்டுவிட்டு இருக்கிறீர்கள்' என்று கேட்பாய். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நாளைக்கே இங்கே மறுபடி ஏதாவது நடந்து, நீ சொன்னதுதான் சரி என்று நான் எழுத வேண்டியும் வரலாம். நான் செய்வது சரியா என்று தெளிந்த பிறகு பதில் போடலாம் என்று காத்திருந்தால் உன் கல்யாணம் முடிந்துவிடும். அதனால் தெளியாமலே இதை இன்றைய தபாலில் போடுகிறேன்.

அம்மா